எட்டாவது பட்டை

பெருமாநல்லூர்
6.9.2025

பரணி அப்பாவுக்கு,

சித்ரகலா எழுதுவது. நான் சுகம். நீங்களும் உங்கள் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு சோமனூர் பஸ் ஏறும்போது, "இனி என் சாவுக்குக்கூட போன் பண்ணாதே" என்றீர்கள். "சரிங்க, பண்ண மாட்டனுங்க" என்று நானும் சொன்னேன். இரண்டு பேரும் வீம்பை விடவில்லை. ஆனால் கடிதம் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன். நம் பரணி சென்னையில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறாள். "ஏம்மா, இந்தக் காலத்துல லெட்டர் போட்டுக்கற புருசன் பொண்டாட்டி நீங்க ரெண்டு பேர்தான்" என்கிறாள். சிரிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பியட் காரை விற்கப் போகிறீர்களாம். அவிநாசி ரோட்டில் புதிதாக வரும் ஓட்டலுக்காம். எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசலில் சிமெண்ட் மேடை கட்டி வண்டியை நிறுத்துவார்களாம். டிக்கியில் ஐஸ்கிரீம் பெட்டி வைப்பார்களாம். சாப்பிட்டு முடித்தவர்கள் பானெட்டில் சாய்ந்து செல்பி எடுப்பார்களாம். பரணி சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நடக்காதுங்க. அந்த வண்டி ஓடப் போகிறது.

நீங்கள் போன பிறகு எஞ்சின் வேலை பார்த்தாயிற்று, பெயிண்டும் அடித்தாயிற்று. நான் கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டேன். மீதி இருப்பது இரண்டு பக்கமும் கதவுகளின் மேல் ஓடுமே, அந்த எட்டு அலுமினியப் பட்டைகள்தான். கடைக்காரர்கள் பீடிங் என்கிறார்கள். நீங்கள் கோபித்துக்கொண்டு போன அன்று நான் பரணிலிருந்து இறக்கி வைத்த சாக்கு, கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. அமெரிக்க ஆர்டர் நின்றுபோனதில் எங்கள் பனியன் கம்பெனியில் இப்போது சனிக்கிழமை வேலை இல்லை. எனக்குப் பொழுதும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

ஆர்.சி. புத்தகம் உங்கள் பேரில் இருக்கிறது. டிசம்பரோடு ரிஜிஸ்ட்ரேஷன் முடிகிறது. பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடிதம் கொண்டுவருகிறவர் எங்கள் கம்பெனி வேன் டிரைவர் அருண்பாண்டி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வாரம் ஒரு தடவை பாக்கெட் தைக்கும் துணி எடுக்க சோமனூர் வருகிறார். அவருக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சித்ரகலா

*

முருகன் துணை

சோமனூர்
14.9.2025

அன்புள்ள சித்ரா அம்மிணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து எழுதினாலும் செக்கிங் ரிப்போர்ட் மாதிரிதான் எழுதுகிறாய். செக்கிங் சூப்பர்வைசர் ஆனாலும் ஆனாய், உன் கண்ணுக்குக் குற்றம் மட்டும்தான் தெரிகிறது. இதைச் சொன்னதற்குத்தானே அன்று அவ்வளவு சண்டை.

டிரைவருக்கு டீயோடு முட்டை போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். நல்ல மனிதர். பேச ஆரம்பித்தால்தான் நிறுத்த மாட்டேன் என்கிறார்.

எஞ்சின் ஓடுகிறது என்றால் சந்தோஷம். ஆனால் பட்டைகளை மறந்துவிடு. உனக்குத் தெரியாதது இல்லை. அந்த அலுமினியத்தின் மேல் கார் கம்பெனிக்காரன் ஏற்றிய ஒரு கெட்டித் தோல் இருக்கிறது. அதை எடுக்காமல் எத்தனை தேய்த்தாலும் பாலிஷ் ஏறாது. எடுப்பதற்குக் காஸ்டிக் சோடாவில் முக்க வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் முதல் பட்டையைத் தொட்டியில் போட்டுவிட்டு, "அரைமணியில் எடுத்துரு" என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வெளியே போனேன். நீ ஒரு மணி நேரம் ஊறவிட்டாய். இடது முன்கதவுப் பட்டை அரித்துக் குழி குழியாகப் போயிற்று. ஒன்று போன பிறகு மற்ற ஏழு பட்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அன்றோடு அந்த வண்டியின் கதை முடிந்தது. துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறையில் முப்பது வருடம் மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அண்ணன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். நான் எழுந்து அவர் தறிக் கொட்டகைக்குப் போய்விடுவேன்.

சரி, உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஒரு பந்தயம் வைக்கிறேன். கார்த்திகை தீபத்துக்குள் எட்டுப் பட்டையிலும் முகம் பார்க்கிற மாதிரிப் பளபளப்பைக் கொண்டுவா. எட்டிலும் என்றால் எட்டிலும்தான். கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் வண்டி ஓட்டல்காரருக்கு.

வேளைக்குச் சாப்பிடு. சர்க்கரை மாத்திரையை மறக்காதே.

அன்புடன்,
மருதாசலம்

*

பெருமாநல்லூர்
3.10.2025

பரணி அப்பாவுக்கு,

பந்தயத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். மாத்திரையை நான் மறப்பதில்லை. மறதிக்காரி என்று பட்டம் கட்டியது நீங்கள்தான்.

முந்தாநாள் ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்தேன், பாலிஷ் மோட்டாருக்கும் வைத்தேன். எது பாலிஷ் மோட்டார் என்று கேட்கிறீர்களா? கம்பெனியில் ஒரு ஓவர்லாக் தையல் மெஷினைக் கழித்துக் கட்டினார்கள். அதன் மோட்டாரைக் கேட்டு வாங்கிவந்து பலகையில் முடுக்கி, நடுத்தண்டில் துணிச்சக்கரம் மாட்ட வழி செய்துவிட்டேன். சும்மா கிர்ரென்று சுற்றுகிறது.

முதலில் குழி விழுந்ததைத் தள்ளி வைத்துவிட்டு, மற்ற ஏழு பட்டைகளையும் மேசையில் பரப்பி, பீஸ் செக் பண்ணுவது போலவே பார்த்தேன். ஒவ்வொரு சொட்டைக்கும் கீறலுக்கும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். அறுபத்து மூன்று அம்பு! எங்கள் கம்பெனிக்கு இப்படி ஒரு லாட் வந்தால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். நான் திருப்பி அனுப்பவில்லை. பட்டையைக் குப்புறக் கவிழ்த்து, கீழே புளியங்கட்டை வைத்து, உள்பக்கமிருந்து சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி ஒவ்வொரு சொட்டையையும் எடுத்தேன். ஒரு சொட்டை நிமிர்ந்தால் ஒரு அம்பைப் பிய்ப்பது என்று கணக்கு. நேற்றுப் பொழுதோடு இருபத்தெட்டு அம்பு பாக்கி.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. பாலிஷ் போடத் துணிச்சக்கரம் வேண்டுமே. டெய்லர் நாகஜோதி இருக்கிறாளே, அவளும் நானும் சேர்ந்து பனியன் வேஸ்ட்டில் வட்டம் வட்டமாக வெட்டி, நாற்பது அடுக்கு வைத்துச் சுற்றிச் சுற்றித் தைத்தோம். பாலியஸ்டர் கலந்திருந்தால் சூட்டில் உருகி ஒட்டும் என்று ஒவ்வொரு துண்டிலும் நூல் உருவிக் கொளுத்தி மோந்து பார்த்துத்தான் எடுத்தோம். அவ்வளவு நேக்கு பார்த்து என்ன புண்ணியம்? சுவிட்சைப் போட்டதும் சக்கரம் குடை மாதிரி விரிந்துவிட்டது. தையல் தெறித்தது, சக்கரத்தில் தடவிய பாலிஷ் சோப்பு என் முகமெல்லாம் அப்பியது. நாகஜோதி தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "அக்கா, தீவாளி நோம்பி இன்னும் வல்லீங்களே, அதுக்குள்ள சங்குச்சக்கரம் உட்டுட்டீங்க!"

இதற்காக விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். வேறு துணி பார்ப்பேன்.

சித்ரகலா

*

முருகன் துணை

சோமனூர்
10.10.2025

அன்புள்ள சித்ரா அம்மிணிக்கு,

சிரித்தேன். தறிச் சத்தத்தையும் மீறிச் சிரித்தேன். அண்ணி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏன் அம்மிணி, பனியன் துணி இழுத்தால் நீளும். நீளுவதற்காகத்தானே அதைப் பனியனுக்குப் போடுகிறோம்! திருப்பூரில் இத்தனை வருடம் குப்பை கொட்டிவிட்டு, கையில் கிடைத்ததெல்லாம் பனியன் துணி என்பதால் அதிலேயே சக்கரமும் செய்வாயா? சக்கரத்துக்கு நெய்த துணி வேண்டும். நம் தறியில் ஓடிய காடாத் துணி பத்து மீட்டர் அருண்பாண்டியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கஞ்சி போகத் துவைத்து, காயவைத்து, பிறகு வெட்டு. பந்தயம் பந்தயம்தான், துணி வேறு.

இன்னொன்று. பட்டையின் முனையைச் சக்கரம் சுற்றி வரும் பக்கமாக நீட்டாதே. பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் அடிக்கும், இல்லையென்றால் உன் வயிற்றில் அடிக்கும். முனை எப்போதும் சக்கரம் விட்டுப் போகிற பக்கம் இருக்க வேண்டும். சேலை முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள், அதைவிட அந்தப் பழைய சுடிதாரைப் போட்டுக்கொள். கண்ணாடி மாட்டு.

முக்கியமான விஷயம். காஸ்டிக்கைத் தொடாதே. தோலை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை வைத்துத் தேய்த்தே எடு. நேரமாகும், ஆகட்டும். காஸ்டிக் விளையாட்டுச் சாமான் இல்லை. அது என் தொழில், உனக்கு அதன் அளவு தெரியாது. இதைக் கட்டளை என்றே வைத்துக்கொள்.

இங்கே மழை. தறிக் கொட்டகை ஒழுகுகிறது. உன் கையால் வைத்த அரிசிம்பருப்புச் சோறு தின்று மூன்று வருடமாயிற்று.

அன்புடன்,
மருதாசலம்

*

பெருமாநல்லூர்
27.10.2025

பரணி அப்பாவுக்கு,

காடாத் துணிக்கு நன்றி. சக்கரம் இப்போது கல்லு மாதிரி நிற்கிறது. வேறு எதற்கும் இந்தக் கடிதத்தில் நன்றி கிடையாது.

வாட்டர் பேப்பர் வைத்து ஒரு பட்டையை மூன்று சனிக்கிழமை தேய்த்தேன். விரல் நுனியில் ரேகை அழிந்ததுதான் மிச்சம், தோல் போகவில்லை. அதனால் காஸ்டிக்கைத் தொட்டேன். கட்டளை போட்டீர்களே, கேட்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

சும்மா தொடவில்லை. எங்கள் கம்பெனி லேபில் நித்தீஷ் என்று ஒரு கெமிஸ்ட் இருக்கிறார். அவரிடம் போய், அன்றைக்கு நீங்கள் போட்ட அளவைச் சொன்னேன். எனக்கு அந்த அளவு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தராசில் நிறுத்துக் கொடுத்தவளே நான்தான். எட்டு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ. நித்தீஷ் கையிலிருந்த பைப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, எதுல போட்டாங்கன்னு சொன்னீங்க?"

"அலுமினியத்துலீங்க."

"அக்கா, அது பருத்தி நூலுக்குப் பளபளப்பு ஏத்தறப்ப போடற அளவுங்க. பருத்தி தாங்கும். அலுமினியம் தாங்குமா? அரைமணி வேண்டாம், பத்து நிமிசத்துலயே தின்னுபோடும். பத்து லிட்டருக்கு எரநூறு கிராம் போதுங்க, ரெண்டு நிமிசத்துல தோலு போயிரும்."

நான் நம்பவில்லை. உங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு. வீட்டுக்கு வந்து, கையுறை போட்டு, கண்ணாடி மாட்டி, நசுங்கிய அலுமினியச் சொம்பு ஒன்றை எடுத்து, உங்கள் அளவிலேயே கரைத்து அதில் போட்டேன். பொங்கியது பாருங்கள், உலைத் தண்ணீர் மாதிரி! பக்கத்தில் நிற்க முடியவில்லை. பத்தாவது நிமிடம் கறுத்தது. அரைமணியில் எடுத்துப் பார்த்தேன், அடிப்பக்கம் காகிதமாக மெலிந்து விரல் பட்டதும் உள்ளே போயிற்று.

பிறகு நித்தீஷ் சொன்ன அளவில் ஒரு பட்டையைப் போட்டேன். சின்னச் சின்னக் குமிழியாக வந்தது. இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கழுவி, அசிட்டிக் ஆசிட் கொஞ்சம் விட்ட தண்ணீரில் அலசினேன். தோல் போய்விட்டது, பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏனுங்க, நான் அன்றைக்கு ஒரு மணி நேரம் விடவில்லை. அரைமணியில்தான் எடுத்தேன். என் அம்மா வாங்கிக் கொடுத்த டைட்டன் வாட்சைப் பார்த்துக்கொண்டு, தொட்டி பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து, "ஒரு மணி நேரம் உட்டுட்டியேடி" என்று கத்தினீர்கள். நீங்கள் மாஸ்டர், பொய் சொல்வீர்களா? என் வாட்ச் நடுவில் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கழற்றிய வாட்சை நான் இதுவரை கட்டவில்லை. பதினோரு வருடம்!

உங்கள் அண்ணன் வீட்டில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மச்சாண்டார் எல்லோர் முன்னாலும் சொல்வார், "சித்ராகிட்டப் பாலைக் காச்சக் குடுத்துராதீங்க, மறந்துட்டுப் போயிரும்." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் பார்த்து ஒரு ஊசி ஓட்டையைத் தவறவிடாதவள் நான். உங்கள் வீட்டில் மட்டும் மறதிக்காரி.

உங்கள் தப்பு உங்களுக்கு எப்போது தெரிந்தது? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். பிறகு அதே மச்சாண்டார் முன்னால், அதே கூடத்தில், நடந்ததைச் சொல்லுங்கள்.

சித்ரகலா

*

சோமனூர்
4.11.2025

சித்ராவுக்கு,

பழசைக் கிளறி என்ன ஆகப் போகிறது? அளவு கொஞ்சம் கூடியிருக்கலாம். அந்தக் காலத்து அலுமினியம் ஒவ்வொன்றும் ஒரு ரகம். இதையெல்லாம் இப்போது பேசுவதால் யாருக்கும் லாபம் இல்லை.

பந்தயத்தை விட்டுவிடலாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வண்டி உன்னுடையது. ஓட்டல்காரருக்கு நான் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். வண்டியை வைத்துக்கொள், அந்தப் பேச்சை மட்டும் விட்டுவிடு. அண்ணன் வயதானவர். அவர் முன்னால் என்னை நிறுத்தாதே.

மருதாசலம்

*

பெருமாநல்லூர்
8.11.2025

பரணி அப்பாவுக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துப் போட்டிருப்பேன். அதில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கை வரவில்லை.

என் வாயை அடைக்க ஒரு காரா? நன்றாக இருக்கிறதுங்க உங்கள் நியாயம். அந்த வண்டிக்காக நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் ஆசைதான். தினம் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன் ஷெட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போகிறேன். ஆனால் இந்த விலைக்கு வேண்டாம். ஓட்டலுக்கே கொடுத்துவிடுங்கள். மேடையில் நிற்கட்டும், நானும் ஒரு நாள் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்கிறேன். என்னிடம் சர்க்கரை மாத்திரை இருக்கிறது.

ஏழு பட்டைகள் முடிந்துவிட்டன. நானூறாம் நம்பர் பேப்பரில் ஆரம்பித்து இரண்டாயிரம் வரைக்கும் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு பழுப்பு சோப்பு, பிறகு வெள்ளை சோப்பு. நாகஜோதி ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பொட்டைச் சரி பண்ணிக்கொண்டாள். அம்பு ஒன்றுகூட பாக்கி இல்லை.

உங்கள் எட்டாவது பட்டை ஒன்று இருக்கிறதே, அதைத் தொடவில்லை. அதன் மேல் ஒரே ஒரு அம்பு ஒட்டி வைத்திருக்கிறேன். எங்கள் செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. யார் தைத்ததில் குற்றமோ அவர்கள் வந்து பார்த்து, ஆமாம் என்று சொன்னால்தான் அம்பை எடுப்போம். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள்கூட, "ஆமாங்க்கா, நாந்தான்" என்று சொல்லிவிட்டுப் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் மாஸ்டர், உங்களுக்கு வாய் வரவில்லை.

அருண்பாண்டியிடம் இனிமேல் சும்மா கடிதம் கொடுத்து அனுப்பாதீர்கள். சொல்லிவிட்டு எழுதுங்கள். சொல்லவில்லை என்றால் எழுதவே வேண்டாம்.

சித்ரகலா

*

முருகன் துணை

சோமனூர்
1.12.2025

என் சித்ராவுக்கு,

சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் ஆயிற்று அதற்கு. தினமும் சொல்லலாம் என்று கூடத்துக்கு வருவேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணனின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள், கூடம் நிறைய ஆள். அண்ணி அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டுவிட்டார். அண்ணன் வழக்கம் போல ஆரம்பித்தார், "ஏன் புள்ள, நீயும் நம்ம சித்ராவாட்ட ஆயிட்டயா?" என்று. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். "அண்ணா, நிறுத்துங்க. அந்தப் புள்ள அரைமணியிலதான் எடுத்துச்சு. அளவு தப்பாப் போட்டது நானு. பருத்திக்குப் போடற அளவ அலுமினியத்துக்குப் போட்டுட்டு, அது மேல பழியப் போட்டுட்டேன்" என்றேன். சம்பந்தி வீட்டார் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். பழனியம்மாள் அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "ஏனுங்க கொழுந்தனாரே, நானும் சேந்து சிரிச்சிட்டனேங்க. அது மூஞ்சியில இனி எப்படி முழிப்பேன்?" என்று அழுதார். அண்ணன் சாப்பிடாமல் எழுந்து தறிக் கொட்டகைக்குப் போய்விட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை.

நீ கேட்ட கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். எனக்கு அன்றைக்கே தெரியும். வாசலில் கால் வைத்ததுமே, தொட்டி கொதிக்கிற வாசனையில் தெரிந்துவிட்டது. நீ முக்காலியில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்துக்கொண்டேதான் பொய் சொன்னேன். மறுநாள் பட்டறையில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற ஒரே நினைப்பு. ஒரு வாரம் கழித்து உன்னிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் அண்ணன் அதைச் சிரிப்புக் கதையாக்கிவிட்டார். பிறகு சொல்லவே முடியாமல் போயிற்று.

இன்னொன்றும் கேள். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் வீட்டை விட்டு வந்தது நீ சூப்பர்வைசர் ஆனதற்காக இல்லை. அன்று நீ அந்தச் சாக்கைப் பரணிலிருந்து இறக்கி, "இன்னொருக்கா போட்டுப் பாக்கலாங்களா" என்று கேட்டாய். போட்டுப் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்துதான் சண்டை பிடித்தேன். இதை எழுதும்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஓட்டல்காரரிடம் வண்டி இல்லை என்று சொல்லிவிட்டேன். படிவத்தில் மறுபடி புதிதாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை எதையும் விடச் சொல்லிக் கேட்கவில்லை. கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நான்கு நாள் அலைந்து, அதே மாடல் இடது முன்கதவுப் பட்டை ஒன்று கிடைத்தது. சொட்டை இல்லை, கீறல் இல்லை. துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். குழி விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை மாட்டிக்கொள்.

நான் வீட்டுக்கு வரட்டுமா?

உன்,
மருதாசலம்

*

பெருமாநல்லூர்
10.12.2025

அன்புள்ள பரணி அப்பாவுக்கு,

படிவம் கிடைத்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வண்டியைப் பார்த்த இன்ஸ்பெக்டர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பீடிங் எந்தக் கடையில போட்டீங்கம்மா?" என்று கேட்டார். "என் கடையிலதானுங்க" என்றேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். பிறகு கோபம் வந்து தட்டத்தைத் தூக்கி எறிந்தேன். வாசனையிலேயே தெரிந்ததாமே! என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்களாமே! இதை நான் சீக்கிரத்தில் மறக்க மாட்டேன், நான் மறதிக்காரி இல்லை. ஆனால் கூடம் நிறைய ஆள் இருக்கும்போது எழுந்து நின்றீர்கள் பாருங்கள், அதையும் மறக்க மாட்டேன். அருண்பாண்டி சொன்னார், "சும்மா சொல்லக் கூடாதுக்கா, கவரை எங்கையில குடுத்துட்டு, வேன் திரும்புற வரைக்கும் அண்ணாச்சி ரோட்டுலயே நின்னாரு." பழனியம்மாள் அக்காவை வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மச்சாண்டாரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே பேசட்டும்.

உக்கடத்துப் பட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்ல பட்டைதான். ஆனால் அது என் வண்டியின் பட்டை இல்லை.

எட்டாவது பட்டையின் அம்பைப் பிய்த்துவிட்டேன். நீங்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டீர்கள், அது போதும். தீபத்தன்று காலையிலிருந்து உட்கார்ந்து அதைத் தேய்த்தேன். குழியெல்லாம் போகாது, போக்கினால் பட்டையே இருக்காது. குழிக்கு நடுவே இருந்த இடத்தையெல்லாம் பாலிஷ் பிடிக்க வைத்தேன். இப்போது முகம் தெரிகிறது, அம்மைத் தழும்பு விழுந்த முகமாக. பந்தயத்தில் எட்டிலும் முகம் தெரிய வேண்டும் என்றீர்கள். எட்டிலும் தெரிகிறது.

அதைத்தான் இடது முன்கதவில் மாட்டியிருக்கிறேன். மேலே தோல் இல்லாததால் எட்டுமே இனி மாசத்துக்கு ஒரு தடவை மெழுகு போட்டுத் துடைத்தால்தான் மங்காமல் இருக்குமாம். அந்த ஒன்றைத் துடைக்கிற வேலை உங்களுடையது.

வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இன்னும் பதில் யோசிக்கவில்லை. அவசரப்படுத்தாதீர்கள். பதினோரு வருடம் நான் காத்திருக்கவில்லையா?

வரும் 14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு நான் சோமனூர் வருகிறேன். மச்சாண்டார் வீட்டு வாசலிலேயே நிறுத்துவேன், சந்து முனையில் இல்லை. அவிநாசி ரோட்டில் அந்த ஓட்டலைத் தாண்டி ஒரு சுற்றுப் போய் வரலாம். அரிசிம்பருப்புச் சோறு தூக்குப்போசியில் கொண்டுவருகிறேன். பொழுது சாய்வதற்குள் உங்களைத் திரும்பக் கொண்டுவந்து சோமனூரில் விட்டுவிடுவேன்.

இடது பக்கக் கதவைத் திறந்து உட்காருங்கள். திறக்கும்போது உங்கள் கை அந்தப் பட்டையில் படும். வண்டி ஓட்டுவது நான்.

வாட்சுக்கு பேட்டரி மாற்றிவிட்டேன். ஒரு வாரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு நிமிடம்கூடப் பின்னால் போகவில்லை. ஒன்பது மணிக்கு வருவேன். என் வாட்சில் ஒன்பது.

இப்படிக்கு,
உங்கள் சித்ரகலா